பாட்டியின் பழைய சிங்கர் மிஷின்: தலையை வைத்துக்கொண்டு மேசையைக் கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள். இதுதான் என் பதில்.

தாமான் வீட்டில் இடம் போதவில்லை, ஈப்போவில் ஒரு கோப்பிக்கடைக்காரர் இரும்புக் காலுக்கு நல்ல விலை சொல்கிறார், தலையை அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். சுங்கை சிப்புட்டில் தையலும் மிஷின் ரிப்பேரும் செய்பவன் நான். சுற்றியுள்ள தோட்டங்களில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட காலத்தில், லயன் வீட்டைக் காலி செய்து டவுனுக்கு வந்த குடும்பங்கள் அம்மி, குத்துவிளக்கோடு இந்த மிதி மிஷினையும் லோரியில் ஏற்றி வந்தன. இப்போது அதே மிஷின்கள் துண்டு துண்டாக என் கடைக்கு வருகின்றன.

மிதி மிஷினின் தலைக்கு மோட்டார் கிடையாது. காலும் பெரிய சக்கரமும் தோல் பெல்ட்டும்தான் அதை ஓட்டுகின்றன. மேசை போனால் அது வெறும் இரும்பு. கையால் சுற்றும் கைப்பிடி மாட்டிக்கொள்ளலாமே என்பார்கள். அதற்குக் கைச்சக்கரம் ஆரக்கால் வைத்ததாக இருக்க வேண்டும், தலையின் தூணில் திருகுத் துளையும் வேண்டும். எல்லாத் தலையிலும் இவை இருக்காது. வேறு மேசை வாங்குவதிலும் சிக்கல் உண்டு. சிங்கர் தன் ரகங்களுக்கு எண்தான் பெயராக வைத்தது; 15, 66, 201 போன்ற பெரிய தலைகள் ஒரே அளவு மேசையில் உட்காரும். 99, 128 இரண்டும் சின்னவை, அந்தப் பள்ளத்தில் நிற்காது.

ஆனால் மேசையைவிட எனக்குக் கவலை அதன் லாச்சிகள், அதாவது இழுப்பறைகள்தான். கடைக்காரர் மேசையைத் தூக்கும்போது லாச்சியில் கிடக்கும் சில்லறைச் சாமானும் கூடவே போய்விடும். தலை எங்கே தேடினாலும் கிடைக்கும், சிங்கர் அதை லட்சக்கணக்கில் செய்து தள்ளியது. கிடைக்காதது துணைச் சாமான். 127, 128 போன்ற பழைய ரகங்களில் கீழ்நூல் சுற்றும் வட்ட பாபின் கிடையாது. நீளமான பாபின் ஒன்று துப்பாக்கித் தோட்டா மாதிரி ஒரு ஷட்டிலுக்குள் போகும். பிள்ளைகள் விளையாட எடுத்துத் தொலைப்பது அதைத்தான், அது இல்லாமல் ஒரு தையல்கூட விழாது. 66-க்கு வட்ட பாபின்தான், ஆனால் 15-இன் பாபின் வேறு. பார்த்தால் ஒன்று போலத் தெரியும், கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், நூல் சிக்கும். பழைய 66-களில் பாதத்தைப் பின்பக்கமாகத் திருகும் வகை ஒன்று உண்டு. இப்போது சந்தையில் கிடைக்கும் பக்கவாட்டுப் பாதங்கள் அதில் சேராது. ஆகவே அந்த மிஷினோடு வந்த சுருக்கு வைக்கும் கருவி, ஓரம் மடிக்கும் கருவி எல்லாம் அதற்கே உரியவை. 1889-இல் காப்புரிமை பெற்ற மடக்கு மரப்பெட்டி ஒன்றில் இவற்றை அடுக்கி விற்றார்கள். அது உங்களிடம் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. இல்லாவிட்டால் லாச்சியையும் வீட்டில் உள்ள பழைய பிஸ்கட் டின்களையும் கொட்டிப் பாருங்கள், எண்ணெய்க் குப்பி, சின்னத் திருப்புளி, சாவி என்று ஏதாவது விழும். தவணை ரசீது கிடைத்தால் எறியவே எறியாதீர்கள். சிங்கர் 1856 முதலே தவணைக்கு மிஷின் விற்ற கம்பெனி. எந்தத் தோட்டத்தில், எந்த வருடம், யார் பெயரில் வாங்கியது என்பது அந்தக் காகிதத்தில்தான் இருக்கும்.

தூக்கி இடம் மாற்றும்போது முதலில் பெல்ட்டைக் கழற்றுங்கள். அப்புறம் ஷட்டிலையும், அதன் மேல் சறுக்கி மூடும் பளபளப்பான தகடுகளையும் எடுத்து ஒரு பையில் போட்டு லாச்சியில் வையுங்கள். தலையைச் சாய்த்ததும் நழுவி விழுவது அந்தத் தகடுகள்தான். தலையைப் பின்பக்கம் சாய்த்தால் கீல் துளைகளுக்கு அடியில் இரண்டு சின்னத் திருகுகள் தெரியும், தளர்த்தினால் தலை தனியே வந்துவிடும். கனம் அதிகம், இரண்டு பேர் பிடியுங்கள்.

கறுப்பு வர்ணத்தின் மேல் உள்ள தங்கப் பூவேலையை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். மேல்பூச்சு அரக்கு, ஸ்பிரிட்டில் கரைந்து பூவும் வெளுத்துவிடும். தையல் மிஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போதும். நம் ஊர் ஈரத்துக்கு மேசையைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள், கரையான் அடியிலிருந்துதான் ஏறும். தலையை உள்ளே இறக்கி மூடினால் அது சாதாரண மேசைதான், சாமி படம் வைக்கலாம், டிவி வைக்கலாம். மீன்தொட்டி மட்டும் வேண்டாம், மேல்பலகை உரிந்துவிடும்.

பலகை முழுக்கக் கரையான் தின்றுவிட்டது என்றால் பிரிப்பதில் தப்பில்லை. இரும்புக் காலை வைத்துக்கொண்டு அதே அளவில் புதுப் பலகை போடச் சொல்லுங்கள், தச்சர் செய்துவிடுவார்.

விலையைப் பற்றிப் பெரிய கனவு வேண்டாம். 2009-இல் சவுதி அரேபியாவில் பழைய சிங்கரின் ஊசிக்குள் சிவப்புப் பாதரசம் என்ற விலைமதிப்பில்லாத மர்மப் பொருள் இருக்கிறது, கைத்தொலைபேசியை வைத்தே அதைக் கண்டுபிடிக்கலாம் என்று புரளி கிளம்பி, ஜனங்கள் கண்டபடி பணம் கொட்டினார்கள். உள்ளே இருப்பது எண்ணெயும் அழுக்கும்தான். இன்றும் யாராவது ஊசியைச் சோதிக்கணும் என்று கைத்தொலைபேசியோடு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். முழு செட்டாக இருந்தால் தைக்கிறவர்கள் சில நூறு வெள்ளி கூடக் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

தலையின் வலது மூலையில், தூணுக்குக் கீழே, எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். எந்த ஆலை, எந்த வருடம் என்பதை அதை வைத்துச் சொல்லலாம். ரகப் பெயரின் கடைசியில் ‘கே’ இருந்தால் ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது. அந்த ஆலை 1980-இல் மூடிவிட்டது. எண்ணையும் லாச்சியில் இருப்பதையும் படமெடுத்துக் கருத்துப் பகுதியில் போடுங்கள், எது குறைகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.