எழுதும் முன் தேடிப் பாருங்கள்: வாசகர் கேள்விகள்

மாடித்தோட்டம் பற்றி எழுதுகிறேன். கூகுளில் முதலில் வரும் பக்கங்களைப் படித்துவிட்டு எழுதச் சொல்கிறார்கள். அவற்றில் எதைப் பார்ப்பது?

உங்கள் தோட்டத்திலிருந்தே ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'செம்பருத்தி மாவுப்பூச்சி' என்று தேடுங்கள். வருவது கட்டுரையா, வீடியோவா? வீடியோக்களே மேலே நின்றால், தேடுகிறவர் செய்முறையைக் கண்ணால் பார்க்க விரும்புகிறார். வெறும் எழுத்து அங்கே எடுபடாது, படங்கள் போடுங்கள்.

அப்புறம் பேனாவும் தாளுமாக உட்கார்ந்து முதல் ஐந்தாறு பக்கங்களை முழுசாகப் படியுங்கள். சொன்னது ஒரு பக்கம், விட்டது ஒரு பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள். சோப்புக் கரைசல் சேர்க்காவிட்டால் எண்ணெய் தண்ணீரோடு கலக்காது. உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும், எறும்பை விட்டுவைத்தால் பூச்சியும் போகாது. இதையெல்லாம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். விட்டுப்போனதில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது.

முதலிடத்தில் இருக்கும் கட்டுரை 2,000 வார்த்தை. நானும் அவ்வளவு எழுதணுமா?

வேண்டாம். தங்களுக்கென்று விருப்பமான வார்த்தைக் கணக்கு எதுவும் இல்லை என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் சொல்கிறது.

என் போனில் மூன்றாவதாக வரும் பக்கம் தோழியின் போனில் காணோமே?

இருக்கும் ஊர், மொழி, போனா கணினியா, பழைய தேடல்கள் என்று பலதும் பார்த்துத்தான் முடிவுகள் வருகின்றன. இன்காக்னிட்டோவில், அதாவது தேடியதைச் சேமித்து வைக்காத தனி ஜன்னலில் தேடினால் பழைய தேடல்களின் பாதிப்பு குறையும், ஊர் மாறாது. இடத்தை எண்ணிக்கொண்டிருக்காமல், இரண்டு போனிலும் வருகிற பக்கங்களை எடுத்துப் படியுங்கள்.

தமிழில் தேடிப் பார்ப்பதா, தங்கிலீஷிலா?

இரண்டிலும். முடிவுகள் வேறு வேறாக வரும். ஊருக்கு ஊர் பெயரும் மாறும் என்பதை மறக்காதீர்கள். இலங்கையில் செம்பருத்தியைச் செவ்வரத்தை என்பார்கள். யாழ்ப்பாணத்து வாசகர் அந்தப் பெயரில்தான் தேடுவார். எந்தச் சொல்லை அதிகம் தேடுகிறார்கள் என்று கூகுள் டிரெண்ட்ஸில் ஒப்பிடலாம். சொல்லை உறுதி செய்த பிறகு தலைப்பு வையுங்கள்.

பத்துப் பக்கத்தில் உள்ளதையும் சேர்த்து எழுதினால் நல்ல கட்டுரைதானே?

இல்லை. இதை அழுத்தியே சொல்கிறேன். பிறர் சொன்னதைச் சுருக்கித் தருவதோடு நின்றுவிடுகிறீர்களா என்று கூகுளின் வழிகாட்டுதலே கேட்கிறது. 2022 டிசம்பரில், பக்கங்களின் தரத்தை மதிப்பிடுவோருக்கான கையேட்டில் நேரடி அனுபவத்தையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தார்கள். அதைவிட, ஒரு பக்கத்தில் அளவு தப்பாக இருந்தால், சேர்த்து எழுதும் நீங்கள் அந்தத் தப்பையும் பரப்புகிறீர்கள். அதை நம்பித் தெளிப்பவரின் செடி கருகும்.

குறிப்பெடுத்ததும் எல்லாப் பக்கங்களையும் மூடிவிடுங்கள். மாடிக்குப் போய் இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கும் காம்பை, எறும்பு ஏறும் தண்டைப் போட்டோ எடுங்கள். மருந்து தெளித்து, நாலு நாள் கழித்து அதே கிளையை இன்னொரு போட்டோ எடுத்துவிட்டு எழுத உட்காருங்கள்.