நல்ல பொட்டலம் எது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது. மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. மதுரைக்கு அலைய முடியாமல் வைத்தியத்தை விட்டுவிட்டோம். ராத்திரியெல்லாம் வலியில் அனத்துகிறார். கொஞ்சம் கஞ்சாவைப் பாலில் காய்ச்சிக் கொடுத்தால் தூங்குகிறார். ப்ளஸ் டூ படிக்கும் என் மகன்தான் நல்ல பொட்டலமாகப் பார்த்து வாங்கி வருவான். வத்தலக்குண்டில் இருக்கும் அண்ணன் மாதாமாதம் பணம் அனுப்புகிறார். வெளிநாட்டில் இதை மருந்தாகவே கொடுக்கிறார்களாமே, நாங்கள் செய்வது தப்பா?
– ஒரு வாசகி, மன்னவனூர்

பதில்: அம்மாவைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், மகனை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். என்னால் கடக்க முடியவில்லை. நல்ல பொட்டலம் எது, மட்டம் எது என்று 17 வயதுப் பையனுக்கு எப்படித் தெரியும்? கசக்கி மோந்து பார்க்கிறானா, பற்றவைத்துப் பார்க்கிறானா? விற்கிற ஆள் யார்? பாட்டிக்குக் கொடுத்தது போக மிச்சம் எங்கே போகிறது? பெற்றவள் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

வளர்ந்தபின் கஞ்சாவைத் தொடுகிறவர்களில் சுமார் பத்தில் ஒருவர் அதை விட முடியாமல் மாட்டுகிறார். பதின்வயதில் தொட்டால் ஆறில் ஒருவர். மூளை முழுதாக வளர 25 வயது வரை ஆகும். அதற்குள் அடிக்கடி புகைக்கும் பிள்ளைகளுக்கு ஞாபகம் மங்கும், படிப்பில் மனம் நிற்காது. சிலருக்குக் காதில் குரல் கேட்கும், எல்லோர் மேலும் சந்தேகம் வரும். குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

சட்டத்தையும் சொல்கிறேன். 18 வயது நிரம்பாத பிள்ளையை விட்டுப் போதைப்பொருள் எடுத்துவரச் செய்யும் பெரியவருக்கு, 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் 78-ஆவது பிரிவின்படி 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தப் பெரியவர் நீங்கள்தான்.

மருந்து என்று கேட்டீர்கள். உண்மைதான். கஞ்சாவில் உள்ள போதைச் சத்தை ஒட்டிச் செய்த மாத்திரைகளைக் கீமோ வாந்திக்கு அமெரிக்கா 1985-லேயே அனுமதித்தது. கஞ்சாவிலிருந்தே போதை இல்லாத சத்தைப் பிரித்தெடுத்த மருந்து, குழந்தைகளுக்கு வரும் கடுமையான சில வலிப்புகளுக்கு 2018-இல் வந்தது. இரண்டுமே மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுப்பவை. புற்றுநோய் வலிக்கு நடந்த பெரிய சோதனைகளில் எதிர்பார்த்த பலன் வரவில்லை. நீங்கள் காய்ச்சும் பாலில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வயிற்றுக்குப் போனது ஏற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். ஏறவில்லையே என்று இன்னொரு டம்ளர் கொடுப்பீர்கள். நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும். புற்று அரித்த எலும்போடு ராத்திரி எழுந்து விழுந்தால் இடுப்பு முறியும்.

இந்த வலிக்கென்றே மார்ஃபின் மாத்திரை இருக்கிறது. அது கிடைப்பதை எளிதாக்கத்தான் 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தினார்கள். டாக்டர் அளவு குறித்துக் கொடுத்தால் வேளை தவறாமல் கொடுங்கள். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேளுங்கள். எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுத்தாலும் பலருக்கு நன்றாகக் குறையும். படுத்திருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்க ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதியுங்கள். இதுவரை கொடுத்த கஞ்சாவையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

மதுரைக்கு அண்ணன் அலையட்டும். பணம் அனுப்பினால் பிள்ளையின் கடமை தீர்ந்தது என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெற்ற தாயின் வலியை மகனும் மகளும் சுமக்க வேண்டும். அதைப் பேரன் தலையில் கட்டியது பெரிய அநியாயம்.

இன்றைக்கே அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இனி நீ வாங்க வேண்டாம், உன்னை அனுப்பியது என் தப்பு" என்று சொல்லுங்கள். பிறகு, அவனும் இழுக்கிறானா என்று நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் அடிக்காதீர்கள், ஊரைக் கூட்டாதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யுங்கள். தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.