வி.வி.எம். வெள்ளையாக இருந்தால் போதுமா?

கேள்வி: தென்காசி அருகே குழந்தைகள் கிளினிக் ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். வீட்டு உபயோக ஃப்ரிட்ஜில்தான் தடுப்பூசிகளை வைக்கிறோம். போன வாரம் மதுரையிலிருந்து ஏஜென்ட் பஸ் பார்சலில் அனுப்பிய தெர்மாகோல் பெட்டியைத் திறந்தால், பெண்டாவேலன்ட் (ஐந்து நோய்க்கான ஊசி) குப்பிகள் ஐஸ் பேக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டு குப்பிகளுக்குள் ஐஸ் தெரிந்தது. கேட்டதற்கு, குப்பியில் உள்ள வெப்பக் குறியைச் (வி.வி.எம்.) சொல்லி, "வி.வி.எம். வெள்ளையாத்தானே இருக்கு சிஸ்டர், கரைஞ்சதும் ஒரு குலுக்கு குலுக்குங்க, சரியாயிடும்" என்கிறார். அந்தப் பெட்டியிலிருந்து இரண்டு குழந்தைகளுக்கு ஊசி போட்டும் விட்டோம். மீதியைப் பயன்படுத்தலாமா?

பதில்: ஐஸ் கண்ட இரண்டு குப்பிகளையும் இனி யாருக்கும் போடக்கூடாது. உறைந்ததா என்று அவற்றைச் சோதிக்கும் வேலையே இல்லை. பெட்டியில் உள்ள மற்றவற்றைத் தனியாக ஒரு கவரில் போட்டு, "பயன்படுத்தாதே" என்று எழுதி, 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள்.

ஏஜென்ட் சொன்ன வி.வி.எம். கதைக்கு வருவோம். குப்பியின் மேல் வட்டத்துக்குள் இருக்கும் அந்தச் சதுரம், வெப்பம் பட்டு வீணானதா என்பதை மட்டும்தான் சொல்லும். சதுரம் வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் குப்பையில் போட வேண்டியதுதான். ஆனால் ஊசி மருந்து கல்லாக உறைந்தாலும் அந்தச் சதுரம் வெள்ளையாகவே இருக்கும். குளிரை அளக்க அது செய்யப்படவில்லை. இது விற்கிறவர்களுக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை.

பெண்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, டி.பி.டி., டி.டி., நிமோனியா தடுப்பூசி, எச்.பி.வி. இவற்றிலெல்லாம் மருந்து அலுமினிய உப்பின் நுண்துகள்களில் ஒட்டியிருக்கிறது. உறையும்போது ஐஸ் படிகங்கள் அந்தத் துகள்களை நெருக்கிக் கட்டியாக்கிவிடும். கரைந்த பிறகு குப்பி பழையபடி தெரியலாம். ஆனால் திரிந்த பால் மறுபடி பாலாகாது. வீரியம் குறையும், போட்ட இடத்தில் வீக்கமும் கட்டியும் வரலாம். ஹெபடைடிஸ் பி மைனஸ் அரை டிகிரியிலேயே உறைந்துவிடும். "எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது" என்ற எண்ணம் போலியோ சொட்டு மருந்தோடு வந்தது. சொட்டு மருந்து உறைந்தால் கெடாது. அந்தப் பழக்கத்தை மற்ற ஊசிகளுக்கும் நீட்டியதில் வந்த வினைதான் இது.

உறைந்ததா இல்லையா என்று சந்தேகம் உள்ள குப்பிகளுக்குத்தான் குலுக்கல் சோதனை. அதற்கும் ஏஜென்ட் சொன்ன 'ஒரு குலுக்கு'க்கும் சம்பந்தமில்லை. அதே கம்பெனி, அதே பேட்ச் குப்பி ஒன்றை எடுத்து "உறையவைத்தது" என்று எழுதுங்கள். ஃப்ரீஸரில் ஓரிரவு வைத்துக் கல்லாக்குங்கள். வெந்நீரில் வைக்காமல் தானாகக் கரையவிடுங்கள். பிறகு சந்தேகக் குப்பியையும் இதையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து 10 முதல் 15 விநாடி குலுக்கி, சமமான மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் வரை பாருங்கள். உறையவைத்ததில் வெள்ளைப் படிவு மளமளவென்று அடியில் இறங்கும், மேலே தண்ணீர் தெளியும். சந்தேகக் குப்பியிலும் அதே வேகத்தில் இறங்கினால் அது கெட்டுவிட்டது. ஒப்பிடும் குப்பி இல்லாமல் செய்வது சோதனையே அல்ல. அந்த ஒரு குப்பி வீணாகிறதே என்று கணக்குப் பார்க்காதீர்கள்.

ஐ.பி.வி., அதாவது போலியோ ஊசிக்கு இந்தச் சோதனை கிடையாது. அதில் அலுமினியம் இல்லை, தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்கும். உறைந்து கெட்டாலும் படிவு இறங்காது, "நல்லா இருக்கு" என்று ஏமாந்துவிடுவீர்கள். அதனால் ஐ.பி.வி. உறைந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே ஒதுக்க வேண்டும். ஆறு நோய்க்கான ஹெக்ஸாவேலன்ட் ஊசிக்குள்ளும் இதே ஐ.பி.வி. இருக்கிறது. அலுமினியப் பாகம் சோதனையில் தப்பினாலும் போலியோ பாகம் தப்பியதா என்று குலுக்கிச் சொல்ல முடியாது. அதையும் ஒதுக்குங்கள். விலை கூடிய ஊசி என்பதால் இதில்தான் கை தயங்கும், ஏஜென்ட்டும் இதில்தான் அதிகம் வாதாடுவார்.

இரண்டு குழந்தைகளின் விஷயம்: பதிவேட்டில் பேட்ச் எண்ணைப் பார்த்து டாக்டரிடம் இன்றே சொல்லுங்கள். உறைந்த குப்பியிலிருந்து போட்டது என்றால் அந்த டோஸைக் கணக்கில் எடுக்கக்கூடாது, திரும்பப் போட வேண்டும். பெற்றோரிடம் மறைக்காதீர்கள்.

தவறு நடந்தது பார்சல் கட்டும் இடத்தில். ஃப்ரீஸரிலிருந்து எடுத்த ஐஸ் பேக் மைனஸ் 20 டிகிரி வரை இருக்கும். அதை அப்படியே குப்பியோடு சேர்த்து அடுக்கினால் உறையாமல் என்ன செய்யும்? பேக்கை வெளியே வைத்து, மேலே வியர்த்து, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் 'களக்' என்று ஆடும் வரை காத்திருக்க வேண்டும். கடிகாரத்தை நம்பாதீர்கள், காதை நம்புங்கள். குப்பிகள் ஜிப் கவருக்குள், பேக்கில் ஒட்டாமல் இருக்க வேண்டும். உள்ளே ஒரு தெர்மாமீட்டராவது இல்லாத பெட்டிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஃப்ரிட்ஜையும் கவனியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக்கென்றே ஐ.எல்.ஆர். என்ற குளிர்பெட்டி உண்டு, ஒரு நாளில் 8 மணி நேரம் கரண்ட் இருந்தால் சமாளிக்கும். அரசின் இ-வின் கண்காணிப்புக் கருவி வெப்பநிலையைப் பதிந்து செல்போனுக்கு எச்சரிக்கை அனுப்பும். தனியார் கிளினிக்கில் ஊசி போடப்படும் குழந்தையும் இதே ஊர்க் குழந்தைதான், ஆனால் அங்கே ஃப்ரிட்ஜுக்குள் என்ன டிகிரி என்று கேட்க நாதி இல்லை. ஆண்டுக்கணக்காக இதுதான் நிலை.

ஃப்ரீஸருக்கு நேர் கீழ்த் தட்டு, பின்சுவர், கதவு, காய்கறிப் பெட்டி எதிலும் ஊசி வேண்டாம், நடுத்தட்டு மட்டும். கதவிலும் கீழேயும் தண்ணீர் பாட்டில்களை நிரப்பினால் கரண்ட் போனாலும் குளிர் கொஞ்ச நேரம் நிற்கும். மற்ற மருந்தைத் தடுப்பூசி ஃப்ரிட்ஜில் வைக்கவே வைக்காதீர்கள். சிரியாவில் 2014ல் தட்டம்மை ஊசிக்கான கரைப்பானுக்குப் பதிலாக, தசையைத் தளர்த்தும் மருந்தைக் கலந்து போட்டதில் 15 குழந்தைகள் இறந்தன.

வெப்பநிலையைக் காலையில் கதவைத் திறக்கும் முன்பும் மாலையிலும் எழுதுங்கள். பகலில் பத்து முறை திறந்துவிட்டு 9 டிகிரி காட்டுகிறது என்று குளிரைக் கூட்டும் திருகியைத் திருகிவிடுவார்கள். இரவில் யாரும் திறக்காதபோது அதே ஃப்ரிட்ஜ் பூஜ்யத்துக்குப் போய்விடும். காலையில் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் 4 காட்டும். குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் நினைவில் வைத்துக் காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கினால் இந்த ஏமாற்று வெளிப்படும். திருகியின் மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, ஒருவரைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று வைத்துவிடுங்கள்.

கெட்ட குப்பிகளை "திருப்பித் தாங்க, மாத்தித் தரேன்" என்று ஏஜென்ட் கேட்பார். அப்படியே கொடுத்தால் அவை கரைந்து, துடைத்து, வேறு ஊர்க் கிளினிக்குக்குப் போகாது என்று யார் உத்தரவாதம் தருவது? லேபிளின் குறுக்கே அழியாத மையில் "உறைந்தது" என்று எழுதி, பேட்ச் எண் தெரியும்படி போட்டோ எடுத்து, கிரெடிட் நோட் வாங்கிய பிறகே கொடுங்கள். அவர் தர மறுத்தால் மருத்துவக் கழிவோடு அனுப்பிவிட்டு, அடுத்த ஆர்டரை வேறு இடத்தில் போடுங்கள்.