பழைய மென்பொருளுக்கும் ஆள் வேண்டும்

மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். வீட்டை அடகு வைத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) படிக்க வையுங்கள் என்கிறார் உங்கள் மச்சான். அவளுக்குக் கட் ஆஃப் குறைந்த கவலை புரிகிறது. ஆனாலும் அடகு வேண்டாம். கல்விக் கடன் ரூ.7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும்; அந்த எல்லைக்குள் அடங்காத படிப்பு உங்கள் வருமானத்துக்கு ஆகாது. அரசுக் கல்லூரியில் பி.சி.ஏ. போதும். விப்ரோவின் வில்ப் திட்டத்தில் பி.சி.ஏ. முடித்தவர்கள் வேலையிலிருந்தபடியே எம்.டெக். படிக்கிறார்கள் என்று மச்சானிடம் சொல்லுங்கள். அதில் ஒப்பந்தக் காலம் உண்டு. கையெழுத்துக்கு முன் படித்துப் பாருங்கள்.

மகள் புதிதாக எழுதாமல், அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்பு தேடிக்கொண்டே இருக்கிறாள் என்று குறைப்பட்டீர்கள். அதற்கே சம்பளம் தரும் வேலை இருக்கிறது: ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைப் பராமரித்து மேம்படுத்துவது.

அந்த வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். ஜாவா என்ற புரோகிராமிங் மொழியில் 2014-ல் வந்த பதிப்பான ஜாவா 8-ல் இன்னும் எத்தனையோ அப்ளிகேஷன்கள் ஓடுகின்றன. ஜாவா அப்ளிகேஷன்களுக்கு அடித்தளமாகும் ஸ்பிரிங் பூட் என்ற மென்பொருளின் 3-ம் பதிப்புக்கு மாற ஜாவா 17 கட்டாயம். ஒரே தாவலில் போனால் எது உடைத்தது என்றே தெரியாது. முதலில், இப்போது என்ன விடை வருகிறதோ அதை அப்படியே பதிவுசெய்யும் டெஸ்ட்களை எழுத வேண்டும், அது தப்பான விடையாக இருந்தாலும்; பின்னால் எது மாறியது என்று அவை காட்டும். பிறகு ஜாவா 8-லேயே ஸ்பிரிங் பூட் 2.7. அடுத்து ஜாவா 17. கடைசியில்தான் பூட் 3. அங்கே ஜாவாக்ஸ் (javax) என்று தொடங்கும் பல பேக்கேஜ் (கோடின் தொகுப்பு) பெயர்கள் ஜகார்த்தா (jakarta) ஆகும். நம் கோடில் மாற்றுவது சுலபம். அடுத்தவர் எழுதிக் கட்டிக்கொடுத்த பழைய ஜார் ஃபைலுக்குள் இருப்பதுதான் ஓடும்போது காலை வாரும்.

கோடை இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் காட்டிக்கொடுக்கும் பிழை நல்ல பிழை. அது காட்டாதவைதான் ஆபத்து. ஜாவா 9-ல் தேதி வடிவங்களுக்கான அடிப்படைத் தரவு மாறியது. 17-ஐயும் தாண்டிப் போனால், ஜாவா 18-ல் எழுத்துகளைச் சேமிக்கும் இயல்பான முறை (குறியாக்கம்) யுடிஎஃப்-8 ஆனது. எல்லாம் ஓடும், ரிப்போர்ட்டில் தேதி மட்டும் வேறு மாதிரி அச்சாகும், பழைய ஃபைலில் எழுத்து கெடும். டேட்டாபேஸில் பழைய நெடுவரிசையை (column), புதியதைக் கொண்டுவரும் அதே ரிலீஸில் நீக்கவே கூடாது. பின்வாங்க வழி இருக்காது.

கல்லூரியிலேயே கிட் (கோடில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி), எஸ்க்யூஎல் (டேட்டாபேஸைக் கேள்வி கேட்கும் மொழி), லினக்ஸில் லாக் (மென்பொருள் எழுதிவைக்கும் நடப்புக் குறிப்பு) படிப்பது மூன்றும் கைக்கு வரட்டும். நேர்காணலில் "சப்போர்ட்" என்றால் அவளே கேட்கட்டும்: கோடில் கை வைக்க விடுவீர்களா, புகார் டிக்கெட்டை அடுத்தவரிடம் தள்ளிவிடும் எல்1 என்ற முதல் நிலை வேலை மட்டுமா, மாதம் எத்தனை நைட் ஷிப்ட்? எல்1 மட்டும்தான் என்றால், ஓராண்டுக்கு மேல் அங்கே இருக்க விடாதீர்கள்.