சத்திரசிகிச்சைக்குப் பிறகு குடல் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

கேட்டவரின் அக்காவுக்கு இரண்டு சிசேரியன் நடந்திருக்கிறது. இப்போது வயிற்றுக்குள் குடல் ஒட்டியிருப்பதாக டொக்டர் சொல்லியிருக்கிறார். வெளிக்காயம் அழகாக ஆறியிருக்க உள்ளே மட்டும் ஏன் ஒட்டுகிறது, கலங்கள் ஒன்றுக்கொன்று அப்படி என்னதான் சமிக்ஞை அனுப்புகின்றன, மருந்து கொடுத்து நிறுத்த முடியாதா என்று கேட்கிறார்.

நான் டொக்டர் அல்ல. மட்டக்களப்பு கல்லடியில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். இதைத் தேடித் தேடி வாசித்தது அம்மாவால். அவருக்குக் கர்ப்பப்பை எடுத்து ஒன்பது வருடம் கழித்து, ஒரு மாலை வயிற்றுவலி விட்டுவிட்டு வந்தது. இரவுக்குள் பச்சையாக வாந்தி. வயிறு மத்தளம் போல உப்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டு, வாய்க்கு ஒன்றும் கொடுக்காமல், சேலைன் ஏற்றி இரண்டு நாள் பார்த்தார்கள். தானாக விடுபடவில்லை. மூன்றாம் நாள் வயிற்றைத் திறந்தார்கள். சத்திரசிகிச்சை நிபுணர் வெளியே வந்து தன் சுண்டுவிரலைக் காட்டி, "இதில் பாதித் தடிப்பில் ஒரு நாடா இருந்தது. அதன் கீழே குடல் புகுந்து மடங்கிவிட்டது. நாடாவை வெட்டிவிட்டேன், அவ்வளவுதான்" என்றார். அந்த நாடாதான் ஒட்டு.

வாட்டு வாசலிலேயே பெரியம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "அன்றைக்கே சொன்னேன் மகன், பச்சைப் புண்ணோடு இறால் கொடுக்காதே என்று. அது கிரந்தி." ஒன்பது வருடத்துக்கு முந்திய இறால்! மாமாவோ முதல் சத்திரசிகிச்சை செய்த டொக்டரின் கை சரியில்லை என்றார். இரண்டு பேர் சொன்னதும் தவறு. 1990இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வில், முன்பு ஒருமுறையாவது வயிறு திறக்கப்பட்டவர்களில் 93 வீதமானோருக்கு உள்ளே ஏதோ ஓர் ஒட்டு இருந்தது. அத்தனை டொக்டர்களின் கையும் பிழையாக இருக்க முடியாது. பெரும்பாலானோர் ஒட்டு இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள் என்பது வேறு கதை.

வயிற்றறையின் உட்சுவரையும் குடலின் வெளிப்புறத்தையும் பெரிட்டோனியம் என்ற மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அதன் மேற்பரப்பு ஒரேயொரு கல அடுக்கு. மீசோதீலியக் கலங்கள் என்று பெயர். இவை வழுக்கும் திரவத்தைச் சுரப்பதால்தான் குடல் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு அசைகின்றன. இந்த அடுக்கு மிகவும் மென்மையானது. கத்தி பட வேண்டும் என்பதில்லை. பஞ்சுத் துணியால் துடைத்தாலும், விளக்கு வெளிச்சத்தில் சற்று நேரம் காய்ந்தாலும், குருதி தேங்கினாலும் கலங்கள் உரிந்துவிடும். முன்பெல்லாம் கையுறைக்குள் போடும் மாப்பொடியும் இதற்கு ஒரு காரணமாக இருந்தது. பொடி போட்ட கையுறைகளை அமெரிக்கா 2017இல் தடையே செய்துவிட்டது.

உரிந்த இடத்தில் குருதி உறையும் வேலை தொடங்குகிறது. துரொம்பின் என்ற நொதியம், குருதியிலுள்ள பைபிரினோஜன் என்ற புரதத்தை வெட்டிப் பைபிரின் நூல்களாக்குகிறது. அருகருகே உரிந்து கிடக்கும் இரண்டு பரப்புகளுக்கு நடுவில் அந்த நூல் பசை போலப் படிகிறது. இது கெட்டது அல்ல, காயத்தின் முதல் மருந்தே இதுதான். ஆனால் வேலை முடிந்ததும் அது போய்விட வேண்டும்.

2011 ஜனவரி வெள்ளம் நினைவிருக்கிறதா? வீட்டுக்குள் வந்த சேற்றைத் தண்ணீர் வடியும்போதே தள்ளியவர்கள் ஒரு நாளில் முடித்தார்கள். நாங்கள் உறவினர் வீட்டில் ஒதுங்கியிருந்துவிட்டுப் பிந்தி வந்தோம். சேறு இறுகி, மூலையில் புல்லும் முளைத்திருந்தது. மண்வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. பைபிரினும் அப்படித்தான். முதல் மூன்று நான்கு நாட்களுக்குள் கரைந்தால் அடையாளமே இருக்காது. நின்றுவிட்டால் அதற்குள் நார்க்கலங்கள் புகுந்து கொலாஜன் என்ற உறுதியான நார்ப்புரதத்தை இடும், பிறகு குருதிக் குழாய் வரும், நரம்பும் வரும்.

கரைக்கும் வேலை பிளாஸ்மின் என்ற நொதியத்தினுடையது. அதைத் தட்டி எழுப்புவது ரி.பி.ஏ. என்ற நொதியம், அதைச் சுரப்பது மீசோதீலியக் கலங்களே. பக்கவாதம் வந்தவருக்குக் குருதிக்கட்டியைக் கரைக்க ஊசியாகக் கொடுப்பதும் இதே நொதியத்தைத்தான். இதற்கு எதிராளி பி.ஏ.ஐ-1 என்ற புரதம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு ரி.பி.ஏ. குறைந்து பி.ஏ.ஐ-1 ஏறுகிறது. சேறு வந்த நேரத்தில் மண்வெட்டியை யாரோ ஒளித்துவைத்தது போல.

ஒளித்துவைப்பவர் யார் என்பதுதான் நீங்கள் கேட்ட சமிக்ஞைப் பாதை. முதலில் சொல்ல வேண்டிய பெயர் ரி.ஜி.எப்-பீட்டா 1 என்ற சமிக்ஞைப் புரதம். காயப்பட்ட கலங்களும் அங்கே வந்து சேரும் வெண்குருதிக் கலங்களும் இதை வெளியிடுகின்றன. இது கலத்தின் வெளிச்சவ்வில் சமிக்ஞையைப் பெறும் வாங்கி என்ற புரதத்தில் வந்து அமர்கிறது. வாங்கி, கலத்துக்குள் இருக்கும் ஸ்மாட் 2, ஸ்மாட் 3 ஆகிய புரதங்களின் மேல் ஒரு பொஸ்பேற்றை ஏற்றுகிறது. பொஸ்பேற்று ஏறிய இரண்டும் ஸ்மாட் 4உடன் கைகோத்துக் கலத்தின் கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்குகின்றன. அப்படி இயங்கும் மரபணுக்களில் ஒன்று கொலாஜனுக்கானது, இன்னொன்று பி.ஏ.ஐ-1க்கானது. ஒரே கட்டளை இறுகச் செய்யும் பொருளையும் கொண்டுவருகிறது, கரைக்கும் நொதியத்தையும் கட்டிப்போடுகிறது. இதை முதலில் வாசித்த இரவு நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். ஒன்பது வருடத்துக்கு முந்தி அம்மாவின் வயிற்றில் நடந்தது இறால் அல்ல, இது.

இதே சமிக்ஞை மீசோதீலியக் கலத்தின் இயல்பையும் மாற்றிவிடுகிறது. ஓடு அடுக்கியது போலப் பக்கத்துக் கலத்தோடு ஒட்டி இருந்தது, பிடியை விட்டு, நீண்ட கதிர் வடிவம் எடுத்து, நார்க்கலத்தைப் போல நகரத் தொடங்குகிறது. காயப்பட்ட இடத்தில் ஒட்சிசன் குறைவதும் எண்ணெய் ஊற்றுகிறது. எச்.ஐ.எப்-1 ஆல்பா என்ற புரதம் வழமையாக உண்டான உடனேயே அழிக்கப்படும். ஒட்சிசன் குறைந்தால் அழியாமல் நின்று, குருதிக் குழாய் வளரச் சொல்லும் கட்டளையைக் கொடுக்கிறது.

மருந்தால் நிறுத்த முடியாதா? எலிகளில் முடிகிறது. 2018இல் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் காயப்பட்ட மீசோதீலியக் கலங்களைக் குறிவைத்த பிறபொருளெதிரியால் எலிகளில் ஒட்டைக் குறைத்தார்கள். 2020இல் ஜுன் என்ற புரதத்தைத் தடுக்கும் ஒரு சேர்வையாலும் அதே பலன் கிடைத்தது. எனக்கு அதிகம் பிடித்தது 2021இல் வந்த ஒன்று. வயிற்றறைத் திரவத்தில் மிதந்து திரியும் ஒருவகை விழுங்கிக் கலங்கள், காயம் பட்ட சில நிமிடங்களில் அங்கே ஓடிவந்து, குருதிச் சிறுதட்டுகளைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக் காயத்தை மூடுகின்றன என்று எலிகளில் நேரே படம் பிடித்துக் காட்டினார்கள். சிறிய காயத்துக்கு அது நன்மை. வயிறு முழுதும் உரிந்து கிடந்தால், அதே பாசம் ஒட்டாக முடிகிறது.

மனிதரிடம் இன்னும் இந்தப் பாதைகளைத் தடுக்கும் மருந்து வழக்கத்துக்கு வரவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. வயிற்றுச் சுவரில் போட்ட தையலும், குடலை வெட்டி இணைத்த தையலும் ஆறுவதும் இதே பைபிரினாலும் இதே ரி.ஜி.எப்-பீட்டாவாலும்தான். உறைவைக் கரைத்தால் குருதி கசியலாம். ஆகவே நடப்பில் இருப்பவை எளிய வழிகள்: முடிந்தால் சிறு துளைச் சத்திரசிகிச்சை, குடலை ஈரமாக வைத்தல், மென்மையாகக் கையாளுதல், சில நாட்களில் தானே கரையும் மெல்லிய தாள் ஒன்றை நடுவில் வைத்தல். அந்தத் தாளைக்கூடக் குடலை இணைத்த தையலைச் சுற்றி வைக்கக் கூடாது, தையல் கசியும் ஆபத்து உண்டு.

ஒட்டை வெட்டி எடுத்துவிடலாமே என்று அக்கா கேட்பார், அம்மாவும் கேட்டார். வெட்டினால் மறுபடி உரிந்த பரப்பு, மறுபடி பைபிரின். குடல் அடைக்காதவரை தொடாமல் விடுவதையே பெரும்பாலான நிபுணர்கள் விரும்புவார்கள். ஆனால் விட்டுவிட்டு வரும் கடுமையான வலி, வாந்தி, வயிறு உப்புதல், மலமும் காற்றும் போகாமை ஆகியவை சேர்ந்து வந்தால் இஞ்சிப் பிளேன்டீ குடித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே போக வேண்டும். அடைபட்ட குடலுக்குக் குருதி நின்றுவிட்டால் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். இரண்டு சிசேரியனின் டயக்னோசிஸ் கார்டுகளையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். எங்கள் அம்மாவின் கார்டை அரிசிப் பெட்டியின் அடியிலிருந்து தேடி எடுக்க எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது.