ஜயண்ட் ஸ்லாலம்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஸ்லாலத்துக்கும் ஜயண்ட் ஸ்லாலத்துக்கும் பாதையின் நீளம் மட்டும்தானா வித்தியாசம்?

பதில்: இல்லை. இரண்டுமே, மலைச்சரிவில் கம்பங்கள் நட்டு அமைத்த வாயில்கள் வழியே வளைந்து வளைந்து இறங்கும் பனிச்சறுக்குப் போட்டிகள். ஸ்லாலத்தில் வாயில்கள் நெருக்கமானவை. வீரர்கள் ஒற்றைக் கம்பத்தைக் கையாலும் காலாலும் தட்டிவிட்டுப் போவார்கள். ஜயண்ட் ஸ்லாலத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே துணிப் பட்டை கட்டியிருக்கும், இடைவெளியும் வேகமும் அதிகம். அந்த வேகத்தில் திருப்பத்தை முன்கூட்டியே தொடங்கியாக வேண்டும். பனிச்சறுக்கின் அடிப்படைத் திறமையை இதைவிட நன்றாகச் சோதிக்கும் போட்டி வேறில்லை என்பது என் கட்சி.

கேள்வி: முதல் சுற்றில் முன்னணியில் இருந்தவர் கடைசியில் கோட்டைவிடுகிறாரே, ஏன்?

பதில்: இரண்டு சுற்றின் நேரத்தையும் கூட்டித்தான் முடிவு. உலகக் கோப்பையில் (பருவம் முழுவதும் பல போட்டிகளாக நடக்கும் தொடர் அது) முதல் 30 பேருக்கே இரண்டாவது சுற்று. அதுவும் தலைகீழ் வரிசையில். முன்னணியாளர் கடைசியாக இறங்கும்போது, முன்னே போனவர்களின் ஸ்கீ (காலில் மாட்டும் சறுக்குப் பலகை) விளிம்புகள் பனியைக் குழி பறித்திருக்கும். வாயில்களையும் மாற்றி நட்டிருப்பார்கள். ஒத்திகை ஓட்டம் கிடையாது. பாதையோரமாக மெல்ல இறங்கி மனப்பாடம் செய்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

கேள்வி: என் மகள் வாயிலை உரசிக்கொண்டுதான் போகிறாள். நேரம் மட்டும் குறையவே இல்லை, ஐயா.

பதில்: அவள் வாயிலை நோக்கி நேராகப் பாய்கிறாள் என்று நினைக்கிறேன். குறுக்குவழி போலத் தோன்றும். ஆனால் திருப்பம் முழுவதும் வாயிலுக்குக் கீழே போய்விடும், அங்கே வழுக்கி வேகத்தை இழப்பாள். அவள் போன பிறகு தடத்தைப் பாருங்கள். மெல்லிய இரு கோடுகள் என்றால் விளிம்பு பனியை வெட்டியிருக்கிறது. விசிறிபோல் அகன்று தேய்ந்திருந்தால் வழுக்கியிருக்கிறாள். அந்தத் தேய்ப்பு வாயிலுக்குக் கீழே இருந்தால் தாமதம் உறுதி. சற்று விலகி வந்து, வாயிலை எட்டும் முன்பே திருப்பத்தின் பெரும்பகுதியை முடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்கீயின் வளைவு ஆரத்தை, அதாவது அதன் பக்க விளிம்பு எவ்வளவு வளைந்திருக்க வேண்டும் என்ற அளவை, மாற்றியபோது ஏன் அவ்வளவு சண்டை?

பதில்: காயங்களைக் குறைப்பதற்காக 2012-13 பருவத்தில் ஆண்களுக்கு 35 மீட்டராக உயர்த்தினார்கள். ஆரம் கூடினால் ஸ்கீ எளிதில் திரும்பாது. உரக்க எதிர்த்தவர் அமெரிக்க வீரர் டெட் லிகெட்டி. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பருவத்தின் முதல் போட்டியில், ஆஸ்திரியாவின் சோல்டனில், 2.75 வினாடி வித்தியாசத்தில் வென்றவரும் அவரே! நூறில் ஒரு பங்கு வினாடிக்கு மல்லுக்கட்டும் விளையாட்டு இது. 2017-18இல் 30 மீட்டராகத் தளர்த்தினார்கள்.

கேள்வி: எல்லாக் காலத்திலும் சிறந்தவர்?

பதில்: ஸ்வீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க். 86 உலகக் கோப்பை வெற்றிகளில் 46 ஜயண்ட் ஸ்லாலத்தில்தான்.

கேள்வி: கம்பத்தை இடித்தால் தண்டனை உண்டா?

பதில்: இல்லை. இரு ஸ்கீ முனைகளும் இரு கால்களும் வாயிலைக் குறிக்கும் கற்பனைக் கோட்டைத் தாண்டினால் போதும், கம்பம் விழுந்தாலும் கவலையில்லை.