இரண்டு நாள் அந்தமானுக்குப் பன்னிரண்டு மாத இ.எம்.ஐ. வேண்டாம்

கேள்வி: காரைக்குடி பக்கம் பள்ளத்தூர் என் ஊர். சென்னையில் வேலை. சம்பளம் கையில் 52,000 ரூபாய். வாடகை, வீட்டுக்கு அனுப்புவது, மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் 5,000 ரூபாய் எஸ்.ஐ.பி. எல்லாம் போக மாதம் 9,000 மிஞ்சும். அப்பச்சிக்கு இந்த ஆண்டு அறுபது நிறைகிறது. ஆத்தா இதுவரை விமானம் ஏறியதில்லை. ஒரு சனி, ஞாயிறில் இருவரையும் அந்தமான் அழைத்துப் போக ஆசை. மூன்று பேருக்கு 96,000 ரூபாய் என்கிறார் ஏஜென்ட்; அதில் விமானக் கட்டணம் மட்டும் 51,000. கிரெடிட் கார்டில் 12 மாத ‘வட்டியில்லா இ.எம்.ஐ.’ போடலாமா, எஸ்.ஐ.பி. பணத்தை எடுக்கலாமா?

பதில்: முதலில் ஒன்று, இந்த ஆசையைத் தள்ளிப்போட்டே விட்டுவிடாதீர்கள். பெற்றோர் நல்ல நடமாட்டத்தோடு இருக்கும்போது செய்ய வேண்டிய செலவு இது. ஆனால் இரண்டு நாளுக்கு 96,000 கொடுக்க வேண்டாம்.

நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். 2024-ல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எல்லோரும் ஆசைப்படும் ராதாநகர் கடற்கரையோ ஹேவ்லாக் தீவில் இருக்கிறது. அதற்குக் கப்பலில் இன்னும் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம். காத்திருப்பு தனி. அந்தமான் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருந்தாலும் கடிகாரம் நம்முடையதுதான், அதனால் மாலை ஐந்து, ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிடும். சனிக்கிழமை அறையில் பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்தால் இருட்டியிருக்கும். ஞாயிறு காலை மறுபடி கப்பல். கடல் கொந்தளித்துக் கப்பலை நிறுத்திவிட்டால் விமானமும் போச்சு, டிக்கெட் பணமும் போச்சு.

இரண்டு நாள் இருந்தாலும் ஐந்து நாள் இருந்தாலும் அந்த 51,000 மாறாது. கூடுதல் இரவுக்கு அறையும் சாப்பாடும்தான் ஏறும். நான்கு இரவு தங்குங்கள், 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செலவு கால் பங்கு கூடுகிறது, தீவில் இருக்கும் நேரமோ பல மடங்கு கூடுகிறது.

அப்புறம் இ.எம்.ஐ. வட்டி இல்லை என்றாலும் பிராசஸிங் கட்டணமும், கணக்கில் காட்டும் வட்டித் தொகை மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் பெரும்பாலும் வரும். மாதம் 8,000 கட்டினால் உங்கள் கையில் நிற்பது ஆயிரம் ரூபாய். ஆத்தாவுக்குத் திடீரென்று மருத்துவச் செலவு வந்தால் கார்டு பாக்கி நிற்கும். அதற்கு வட்டி மாதம் 3 சதவீதத்துக்கு மேல். அதே 8,000-ஐ வங்கியில் மாதாமாதம் ஆர்.டி. (தொடர் வைப்பு) போடுங்கள். 15 மாதத்தில் அசலே 1,20,000, வட்டி உங்களுக்கு.

எஸ்.ஐ.பி.யைத் தொடாதீர்கள். ஓராண்டு ஆகாத யூனிட்டுகளை எடுத்தால் பல ஈக்விட்டி ஃபண்டுகளில் 1 சதவீதம் எக்சிட் லோடு (வெளியேறும் கட்டணம்) பிடிப்பார்கள். அதைவிட, நீண்ட காலத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு தடவை கைவைத்துவிட்டால் அடுத்த தடவை தயக்கமே இருக்காது.

உங்கள் சம்பளத்தில் எல்.டி.ஏ. (விடுமுறைப் பயணப் படி) இருந்து, நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால், உங்களையே சார்ந்திருக்கும் பெற்றோரின் பயணக் கட்டணத்துக்கும் விலக்கு உண்டு. அறை, சாப்பாட்டுக்குக் கிடையாது. போர்டிங் பாஸை எடுத்து வையுங்கள்.

அறுபதைக் கொண்டாட 15 மாதம் காத்திருக்க முடியாது, சரி. இந்த ஆண்டு ராமேஸ்வரம் போய் வாருங்கள், அதுவும் தீவுதானே! வெள்ளி இரவு சென்னையில் ரயில் ஏறிக் காரைக்குடியில் இறங்குங்கள். காலையில் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மூவரும் காரில் கிளம்பினால் தேவகோட்டை வழியாக ஏறத்தாழ மூன்று மணி நேரம். பாம்பன் சாலைப் பாலத்தில் போகும்போது பக்கத்திலேயே 2025-ல் திறந்த புது ரயில் பாலம் தெரியும். கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே தூக்கும். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை இப்போது நல்ல ரோடு. தங்குவதற்கு நகரத்தார் விடுதியில் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். ஞாயிறு ராத்திரி ரயிலுக்கு 60 நாள் முன்பே முன்பதிவு திறக்கும், அன்றே எடுத்துவிடுங்கள்; இது பர்ஸில் பெரிய ஓட்டை போடாது.

ஆர்.டி.யைச் சம்பளம் வந்த மறுநாள் தேதிக்கு வையுங்கள். அந்தமானுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல பருவம், கடைசி இரவை மட்டும் ஹேவ்லாக்கில் வைக்காமல் ஸ்ரீ விஜயபுரத்திலேயே தங்குங்கள். கப்பல் ஒரு நாள் தாமதமானாலும் விமானம் தப்பாது.